ஜிம்மை விட்டால் தசை கொழுப்பாகுமா?

திருகோணமலை இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: "ஜிம்முக்குப் போய்விட்டு இடையில் நிறுத்தினால் தசையெல்லாம் கொழுப்பாகிவிடும், அதனால் போகவே வேண்டாம்." இது தவறு.

தசைக் கலமும் கொழுப்புக் கலமும் வேறு வேறு. தசை நாருக்குள் அக்டின், மயோசின் என்ற புரத இழைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நரம்பு வழியாகக் கட்டளை வந்ததும் நாருக்குள் கல்சியம் வெளியாகிறது. மயோசின் அக்டினைப் பற்றி இழுக்க, தசை சுருங்குகிறது. நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுப்பவரின் தோளிலும் நடப்பது இதுதான். கொழுப்புக் கலத்தில் இந்த ஏற்பாடே இல்லை. அதன் முக்கிய வேலை கொழுப்பைச் சேமிப்பது.

சரி, ஜிம்மை விட்டவர்கள் ஏன் பருக்கிறார்கள்? வேலை குறைந்ததும் தசை நார்கள் மெலிகின்றன. சாப்பாடு மட்டும், இரவுக் கொத்து ரொட்டி உட்பட, பழைய அளவிலேயே தொடர்கிறது (இதைப் பற்றி எந்தக் குழுவிலும் எச்சரிக்கை வருவதில்லை!). மிஞ்சும் சக்தி கொழுப்பாகச் சேர்கிறது. இரண்டும் ஒரே காலத்தில் நடப்பதால் ஒன்று மற்றதாக மாறியதுபோலத் தெரிகிறது. அப்புறம், மெலிந்த நார்கள் மறுபடி பயிற்சி செய்தால் தடிக்கும்.