பந்தை டீயில் வைத்துப் பார்க்காதீர்கள், கிரீனில் வைத்துப் பாருங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் கோல்ஃப் ஆடுகிற நம் ஆட்களிடம் ஒரு பேச்சு அடிக்கடி வரும். "நம்ம ஆட்டத்துக்கு அவ்வளவு விலையில பந்து எதுக்குண்ணே? புரோ வி1 எல்லாம் டிவியில ஆடுறவனுக்குத்தான்." புரோ வி1 என்ற, டஜன் 200 வெள்ளிக்கு மேல் போகிற பந்தைப் பற்றி இப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரே காலையில் மூன்று பந்தைச் செம்பனைக்குள் விட்டுவிட்டு வருகிறவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்தப் பேச்சு அதோடு நிற்பதில்லை. "நமக்கு எந்தப் பந்தும் ஒண்ணுதான்" என்று முடியும். அந்த முடிவு தவறு என்பது என் கருத்து. அதனால் கெட்டுப்போவது பெரியவர்களின் ஆட்டத்தைவிடப் பிள்ளைகளின் ஆட்டம் என்பதால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில், அந்த முடிவுக்கு எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். முதல் டீயில், அதாவது குழியின் ஆட்டம் தொடங்கும் இடத்தில் நின்று, நெடுந்தூரம் அடிக்கிற டிரைவர் கிளப்பால் ஒரு புரோ வி1 அடிப்பார்கள். அடுத்து ஒரு சாதாரண இரண்டு அடுக்குப் பந்து. இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய் விழும். சரி, வித்தியாசம் இல்லை, பேச்சு முடிந்தது.

அந்த இடத்தில் பெரிய வித்தியாசம் வரவே வராது. அதற்கு விதியே இருக்கிறது. கோல்ஃப் விதிகளை வகுக்கிற யுஎஸ்ஜிஏ, ஆர் அண்டு ஏ என்ற இரண்டு அமைப்புகளும் சேர்ந்துதான் பந்துக்கு அளவு வைத்திருக்கின்றன. எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சோதனைக் கருவியில் அடிபட்டுக் கிளம்பும் வேகத்துக்கும் வரம்பு உண்டு: வினாடிக்கு 250 அடி, அதன்மேல் 2 சதவீதம் சலுகை. போட்டிக்கு அனுமதித்த பந்து எதுவானாலும், 80 வெள்ளிப் பெட்டியில் வந்தாலும் 250 வெள்ளிப் பெட்டியில் வந்தாலும், இதற்குள்தான் அடங்க வேண்டும். ஆக, தூரத்துக்காக விலை கூடிய பந்து வாங்குகிறவர் அந்தப் பந்தால் கொடுக்க முடியாத ஒன்றுக்குக் காசு கொடுக்கிறார்.

நம் வேகமும் ஒரு காரணம். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் ஆடுகிறவர்கள் டிரைவரை மணிக்கு 113 மைலுக்கு மேல் வீசுகிறார்கள். பொழுதுபோக்குக்கு ஆடும் ஆண்களின் சராசரி 93 மைல் பக்கம். நம் ஊர்த் திடலில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் அதிகம் என்பதால் நாம் அதற்கும் கீழேதான் இருப்போம். அந்த வேகத்தில் இரண்டு பந்துக்கும் நடுவே சில மீட்டர்தான் வரும். நாம் ஒருமுறை நன்றாகவும் ஒருமுறை சுமாராகவும் அடிப்பதில் வருகிற வித்தியாசத்தில் அது காணாமல் போய்விடும். "மெதுவா அடிக்கிறவனுக்கு மெத்துனு இருக்கிற பந்துதான் தூரம் போகும்" என்பதும் பெரும்பாலும் நம்பிக்கைதான். மெத்தென்ற பந்து கைக்கு இதமாக இருக்கும், தூரம் கூடாது.

வித்தியாசம் இருப்பது வேறு இடத்தில். அதைப் புரிந்துகொள்ள, பந்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

இரண்டு அடுக்குப் பந்தில் உள்ளே ஒரு பெரிய உருண்டை இருக்கும். பாலிபியூட்டடைன் என்ற செயற்கை ரப்பரில் செய்தது. அதன்மேல் அயனோமர் என்ற பிளாஸ்டிக் உறை, பெரும்பாலும் சர்லின் வகை. உறை கெட்டியானது, பாதைக் கல்லில் பட்டாலும் லேசில் கீறாது. விலை கூடிய பந்தில் அந்த உருண்டைக்கும் வெளி உறைக்கும் நடுவே மெல்லிய, கெட்டியான அடுக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே மிக மெல்லிய யூரித்தேன் உறை. புரோ வி1 மூன்று அடுக்கு, புரோ வி1எக்ஸ் நான்கு, டெய்லர்மேடின் டிபி5 ஐந்து.

டிரைவர் அடிக்கும்போது பந்து முழுவதுமாக நசுங்கி விரியும். அங்கே வேலை செய்வது உள்ளே இருக்கிற உருண்டை. வெளி உறை என்னவென்பது அங்கே பெரிதாக எடுபடாது. குட்டைத் தூரத்துக்கான வெட்ஜ் கிளப்பை எடுத்து முப்பது மீட்டருக்கு மெல்ல ஒன்று போடுங்கள். அந்த வேகத்துக்கு உருண்டை அவ்வளவாக அசையாது. கிளப் முகத்தைச் சந்திப்பது வெளித்தோல்தான். யூரித்தேன் மென்மையானது, அதற்குப் பின்னால் கெட்டியான அடுக்கு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தோலை முகத்தில் உள்ள வரிகள் கவ்விப் பிடிக்கும். பந்து தாழ்வாக, நல்ல பின்சுழற்சியோடு கிளம்பும். கெட்டி உறை போட்ட பந்து அதே அடிக்கு முகத்தில் வழுக்கி மேலேறி, உயரமாகவும் சுழற்சி குறைவாகவும் போகும்.

பிப்ரவரி, மார்ச்சில் வெயில் காய்ச்சி எடுக்கும்போது நம் ஒன்பது குழித் திடலுக்கு வந்து இதைப் பாருங்கள். கிரீன், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை, அப்போது தட்டினால் சத்தம் வருகிற அளவுக்கு இறுகியிருக்கும். கொடி முன்பக்கம் இருக்கும் ஒரு கிரீனில், முப்பது மீட்டரில் இருந்து ஒரே கிளப்பால், ஒரே மாதிரி இரண்டு வகையும் போடுங்கள். யூரித்தேன் பந்து விழுந்து ஒரு துள்ளு முன்னே போகும், இரண்டாவது துள்ளலில் புல்லைக் கடிக்கும், அப்புறம் சோம்பலாக இரண்டடி உருளும். மற்றது சிமெண்டுத் தரையில் விட்ட கோலிக்குண்டு மாதிரி துள்ளித் துள்ளிப் பின்பக்க விளிம்புக்குப் போய்விடும். காதில் விழும் சத்தமே வேறு. இதைப் பார்க்க ஒற்றை இலக்க ஹேண்டிகேப் வேண்டாம் (ஹேண்டிகேப் என்பது ஆட்டத் தரத்தைக் காட்டும் எண், குறையக் குறைய ஆட்டம் மேல்). இருபத்தைந்து ஹேண்டிகேப்காரரும் கண்ணால் பார்க்கலாம். சொல்லப்போனால் அவருக்குத்தான் இது அதிகம் தேவை. டிவியில் ஆடுகிறவர் கிரீனைத் தவறவிடுவது ஒரு ரவுண்டில் ஆறேழு முறை. நம்மில் பலர் முக்கால்வாசிக் குழிகளில் கிரீனுக்கு வெளியேதான் நிற்கிறோம். ஒரு ரவுண்டில் கிரீனுக்குப் பக்கத்திலிருந்து நாம் போடுகிற குட்டை அடிகளான சிப்பும் பிட்சும் அவர்களைவிட அதிகம்.

மழைக்காலக் கதை வேறு, அதையும் சொல்லிவிட வேண்டும். அக்டோபர், நவம்பரில் மத்தியான மழை தினமும் ஊற்றி, கிரீன் ஊறிப்போய்க் கிடக்கும்போது எந்தப் பந்து விழுந்தாலும் விழுந்த இடத்தில் நின்றுவிடும். பந்து குத்திய தடத்தைச் சரிசெய்வதே பெரிய வேலை. அப்போது புல்லும் கிளப் முகமும் ஈரமாக இருப்பதால் யாருடைய பந்துக்கும் சுழற்சி குறையும். யூரித்தேனுக்குக் கொஞ்சம் மிச்சமிருக்கும், கெட்டி உறைக்கு அதுவும் இருக்காது. ஆனால் தரையே பந்தை நிறுத்திவிடுவதால் அந்த மிச்சம் ஸ்கோரில் பெரிதாகத் தெரியாது. எனவே ஆண்டு முழுக்க விலை கூடிய பந்துதான் ஆட வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

"அது நமக்கானது இல்லை" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு காலத்தில் அது சரியான அறிவுரைதான். 2000க்கு முன்னால் பந்துகள் இரண்டு உலகமாக இருந்தன. தொழில்முறை ஆட்டக்காரர்கள் உள்ளே ரப்பர் நூல் சுற்றி, மேலே பாலாட்டா என்ற மென்மையான ரப்பர் உறை போட்ட பந்தில் ஆடினார்கள். நன்றாகச் சுழலும். ஆனால் கிளப்பின் விளிம்பு ஒருமுறை பட்டால் போதும், உறை வெட்டுப்பட்டு வாய் பிளந்துவிடும். டிரைவரிலும் அதிகம் சுழலும் என்பதால் கோணலாக அடிப்பவருக்கு இன்னும் கோணலாகும். வாரக்கடைசியில் ஆடுகிறவருக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது. கெட்டியான சர்லின் பந்துதான் அவருக்கு.

அந்த 2000இல் எல்லாம் மாறியது. ஜூனில் பெபிள் பீச்சில் நடந்த யுஎஸ் ஓப்பனை டைகர் வுட்ஸ், நூல் சுற்றாத திட உருண்டை கொண்ட நைக்கி பந்தில் ஆடி 15 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். அக்டோபரில் லாஸ் வேகாஸ் போட்டியில் புரோ வி1 அறிமுகமான முதல் வாரத்திலேயே 47 பேர் அதற்கு மாறினார்கள். அந்த வாரம் வென்ற பில்லி ஆண்ட்ரேடும் அவர்களில் ஒருவர். டிரைவரில் குறைவாகச் சுழன்று, வெட்ஜில் நிறையச் சுழலும் பந்து, கீறினாலும் சட்டென்று வெட்டுப்படாத பந்து அன்றிலிருந்து கடையில் கிடைக்கிறது. நம் ஊர்ப் பேச்சு மட்டும் இன்னும் பாலாட்டாக் காலத்திலேயே நிற்கிறது.

இப்போது பிள்ளைகள் விஷயம். எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது இதுதான்.

இந்த விளையாட்டு நம்மவர்களுக்குப் புதிதில்லை. 1848 வாக்கில் இறகு அடைத்த தோல் பந்தைத் தூக்கியெறிய வைத்த கட்டாபெர்ச்சா பந்து, இந்த மலாய்க் காட்டு மரங்களின் பாலில் இருந்து வந்தது. 1898இல் ஹாஸ்கல் கண்டுபிடித்த பந்துக்குள் சுற்றியிருந்தது ரப்பர் நூல். இங்கே பக்கத்தில் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளின் வழியில் வந்த தோட்டங்களில்தான் நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் பால் வெட்டப் போனார்கள். துரைமார் ஆடிய திடல்களில் பையைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் நம் ஆட்கள். ராமையா, குணசேகரன் போன்றவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களாகவே பெயர் எடுத்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில், ஆர்வத்தோடு வருகிற பிள்ளையின் கையில் நாம் கொடுப்பது என்ன? பயிற்சித் திடலில் அடித்து அடித்து வழவழவென்று ஆகிப்போன பந்து. குளத்தில் இருந்து எடுத்து மூட்டையாக விற்கிற பந்து. பல மாதம் தண்ணீரில் கிடந்தது, வேகம் இழந்தது, சிலவற்றுக்கு மேலே புதிதாகப் பெயிண்டும் அடித்திருக்கும். "மொத நல்லா ஆடக் கத்துக்கோ, அப்புறம் நல்ல பந்து வாங்கலாம்" என்று அறிவுரை வேறு.

தலைகீழாக நடக்க வேண்டியது இது. சென்ற வறண்ட மாதத்தில் நான்காம் படிவம் படிக்கிற ஒரு பையன் கிரீன் ஓரத்தில் சிப் பழகிக்கொண்டிருந்தான். பந்துக்கு முன்னே கை, எடை இடது காலில், பந்தை முதலில் தொட்டு அப்புறம் புல். சுத்தமான அடி. ஆனால் அந்தப் பழைய பந்து ஓடிப்போய் எதிர்ப்பக்கம் இறங்கியது. "ஓடுது அங்கிள்" என்றான். அடுத்த அடியில் மணிக்கட்டை மடக்கிப் பந்தைக் கீழிருந்து தூக்கிவிடப் பார்த்தான். அதுதான் ஆபத்து. சரியாக அடித்ததற்குத் தப்பான விளைவு வந்ததால், சரியான அடியையே மாற்றிக்கொள்கிறான். தூக்கிவிடும் பழக்கம் ஒட்டிக்கொண்டால், பின்னால் அதை விடுவிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். என் பையிலிருந்து இரண்டு மூன்று யூரித்தேன் பந்தைக் கொடுத்து, முன்பு அடித்த மாதிரியே அடிக்கச் சொன்னேன். பந்து நின்றது. நான் வேறு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கை கற்றுக்கொள்வது பந்து காட்டும் விளைவைப் பார்த்துத்தான். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பந்து, வேறு வேறு ஓட்டம் என்றால் கை எதைக் கற்கும்? பெரியவர்களுக்கும் இது பொருந்தும். முதல் குழியில் ஒரு கம்பெனி, மூன்றாவது குழியில் பொறுக்கிய இன்னொன்று, ஏழாவதில் வேறொன்று என்று ஆடினால் கிரீனைச் சுற்றித் தூரம் கணிக்கவே முடியாது. பந்தின் விலையைவிட, ஒரே வகையை விடாமல் ஆடுவது முக்கியம்.

அப்படியென்றால் எதை வாங்குவது என்று கேட்பீர்கள். ஒரு ரவுண்டில் நான்கைந்து பந்து தொலைக்கிறவர் புரோ வி1 வாங்க வேண்டாம். நடுத்தர விலையில் யூரித்தேன் உறையோடு ஸ்ரிக்சன் கியூ-ஸ்டார் டூர், டெய்லர்மேட் டூர் ரெஸ்பான்ஸ் என்று இருக்கின்றன. நம் ஆட்டத்துக்குத் தாராளமாகப் போதும். பெட்டியில் யூரித்தேன் என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மெத்தென்று இருக்கிறது என்பதற்காக யூரித்தேன் என்று நினைத்துவிடக் கூடாது. சூப்பர்சாஃப்ட், சாஃப்ட் ஃபீல் என்ற பந்துகள் எல்லாம் மெத்தென்றுதான் இருக்கும், ஆனால் உறை அயனோமர். மழைக்காலம் முழுக்க ஆட அவை நல்ல பந்துகள், குறை சொல்ல மாட்டேன். புரோ வி1தான் வேண்டும் என்றால் ஒற்றைப்படை ஆண்டு தொடங்கும்போது கடையில் விசாரியுங்கள். 2021, 2023, 2025 என்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புது வகை வருவதால் பழைய வகை விலை இறங்கும். அதில் ஆடி நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பையின் அடிப்பக்கத்தில், கார் பூட்டில் கீறல் விழுந்த யூரித்தேன் பந்துகள் கிடக்கும். சிப் பழகுவதற்கு லேசான கீறல் ஒரு தடையே இல்லை. கழுவி, ஒரே வகையாகப் பிரித்து, ஞாயிறு காலை பிள்ளைகள் பழகும் நேரத்தில் பயிற்சி கிரீன் பக்கம் கொண்டுவந்து கொடுங்கள். வெட்டுப்பட்டது, வீங்கியது, குளத்தில் எடுத்தது வேண்டாம். எந்த வகை எத்தனை இருக்கிறது என்று கீழே எழுதினால், ஒரு பிள்ளைக்கு ஒரே வகையாகச் சேர்த்துக் கொடுக்க எனக்கு வசதியாக இருக்கும்.