சேர், கேக்கேல்லை!

நேற்று இரவு 7 மணியிலிருந்து 7.40 வரை "கேக்குதா?" என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இதற்குப் பெயர் ஒன்லைன் உயர்தர இரசாயனவியல் வகுப்பு. "சேர், வாய் அசையுது, சத்தம் வரேல்லை" என்கிறார்கள் பிள்ளைகள். அவர்கள் சொல்வது எனக்குக் கணீரென்று கேட்கிறது. அதுதான் வயிற்றெரிச்சலே.

புது ஹெட்செட். மாங்குளத்திலிருந்து பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போய் வாங்கியது. காதுக்குப் பச்சை ஒன்று, மைக்குக்கு இளஞ்சிவப்பு ஒன்று என்று அதற்கு இரண்டு முனை. என் லப்டொப்பில் ஒரே ஓட்டை. கடையிலேயே சொன்னேன். சொன்னேனா இல்லையா? சொன்னேன். கடைக்காரத் தம்பி போனிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு குட்டி வயரைத் தூக்கிப் போட்டார். "இதைக் கொழுவுங்கோ அண்ணை, எல்லாம் வேலை செய்யும்."

செய்தது, மைக்கைத் தவிர.

கழற்றினேன், கொழுவினேன். ஊதினேன். மைக்கை விரலால் தட்டினேன். லப்டொப்பை நிறுத்தி மறுபடி போட்டேன். "சேர், மியூட்டை எடுங்கோ" என்று ஒரு பிள்ளை எனக்குப் பாடம் எடுத்தது. சரி என்று செட்டிங்கைத் திறந்தால், பட்டியலில் இருந்தது லப்டொப்பின் சொந்த மைக் மட்டும்தான். அதையே போட்டேன். உடனே எல்லாருக்கும் சத்தம் போனது. என்னுடையது இல்லை, குசினியிலிருந்து அம்மாவுடையது: "உவன் ஆரோடை இவ்வளவு நேரமா கேக்குதா கேக்குதா எண்டு கத்துறான்? விசரே?" பின்னணிக்கு வேலியோரத்து மயில் வேறு. அமோனியா தயாரிக்கிற ஹேபர் முறைக்கு 450 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும் என்று விளக்க இருந்தேன். அந்தச் சூடு என் தலையிலேயே இருந்தது.

வகுப்பு முடிந்து டோர்ச் அடித்துப் பார்க்கிறேன், அந்தக் குட்டி வயரின் முனையில் கறுப்பு வளையம் இரண்டுதான். மூன்று இருக்கவேண்டும்! இடக்காது, வலக்காது, மைக், பொதுக்கம்பி என்று நாலு தொடுகை இருந்தால்தானே குரல் உள்ளே போகும்? இவர் தந்தது, இரண்டு பேர் ஒரே போனில் பாட்டுக் கேட்கிற வயர். காதல் சோடிக்கு விற்கவேண்டியதை என் தலையில் கட்டிவிட்டார்.

இன்று திரும்பப் போனால், "மைக்குக்கு எண்டு நீங்கள் சொல்லேல்லையே அண்ணை." மைக் வைத்த ஹெட்செட்டை வேறு எதற்கு வாங்குவார்கள், தென்னையில் ஏறவா?

மூன்று வளைய வயர் வந்துவிட்டது. குரலும் போகிறது, "புஸ் புஸ்" என்ற மூச்சோடு. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல், கடைவாய்ப் பக்கம் இரண்டு விரல் தள்ளி வைத்ததும் அது நின்றது. பஞ்சு உறையை மட்டும் காணவில்லை. தேடினால், அக்காவின் மகன் அதை மூக்கில் கொழுவிக் கோமாளி வேடம் போட்டுக்கொண்டிருக்கிறான். கழுவிக் கொடியில் காயப்போட்டிருக்கிறேன். முனையைப் பிடிக்காமல் வயரைப் பிடித்து இழுக்கிறவனும் அவன்தான். சிரிப்புத்தான் வருகிறது, என்ன செய்ய?

ஆனால் ஹெட்செட் வாங்கப் போன பஸ்ஸின் கொண்டக்டரை விடமாட்டேன். மிச்சம் 40 ரூபாவை முறிகண்டியில் தருவதாகச் சொன்னவர். அங்கே பஸ் நின்று, சனமெல்லாம் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கி ஏறியாயிற்று. கிளிநொச்சியில் இறங்கும்போது கேட்டால், என்னை அன்றுதான் முதன்முதலாகக் காண்பதுபோல் ஒரு பார்வை. அவருக்கும் கேட்கவில்லையாம்.