மின்னஞ்சல் சேவையின் திரை ‘பெண்டிங்’ என்று மட்டும் காட்டினால் நான் எதைத் திருத்துவது?

ஐந்து நாள். ஒரு விளக்குக் கடையின் ஆர்டர் ரசீது வாடிக்கையாளரின் இன்பாக்ஸில் போய் விழுவதற்கு ஐந்து நாள் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறேன். அதுவும் கார்த்திகை தீபத்துக்கு மூன்றே வாரம் இருக்கும்போது.

மாமாவுக்கு நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை. காவிரி வண்டலில் அச்செடுத்து, பித்தளை வார்த்து, கடைந்து, பாதம், தண்டு, தட்டு, பிரபை என்று தனித்தனியாகச் செய்து மரை போட்டுச் சேர்க்கிற வேலை. இணையக் கடையை நான் கும்பகோணத்திலிருந்து பார்த்துக்கொள்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா மூன்றடி விளக்குக்குப் பணம் கட்டியிருக்கிறார். ரசீது வரவில்லை. மாமாவுக்கே போன் போட்டு, “ஏமாத்துற கடையா நீங்க?” என்று கேட்டுவிட்டு ஆர்டரை ரத்து செய்துவிட்டார். ரசீது ஸ்பேமில் கிடந்திருக்கிறது! நாற்பது வருஷமாகப் பட்டறை நடத்துகிற மனிதர் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. அந்த அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை. பணம் கட்டியவர் கேட்கத்தான் செய்வார்.

ரசீதை ஸ்பேமுக்குத் தள்ளிய விதிமேலும் கோபம் இல்லை. 1982-இல் எழுதின எஸ்எம்டிபி என்கிற அஞ்சல் முறையில் யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் மின்னஞ்சல் அனுப்பலாம். அதை அடைக்கத்தான் எஸ்பிஎஃப் (ஒரு டொமைன், அதாவது இணையப் பெயர், சார்பில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்கிற பட்டியல்), டிகிம் (அஞ்சலில் போடுகிற டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (இவை தவறினால் அஞ்சலை என்ன செய்வது என்கிற குறிப்பு) மூன்றும் வந்தன. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் பிடியை இறுக்கிவிட்டன. ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புகிறவருக்கு மூன்றும் கட்டாயம். எங்களைப் போல நாற்பது ஐம்பது அனுப்புகிறவருக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். சரி, நியாயம்தான். செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மின்னஞ்சல் அனுப்பித் தரும் சேவைக்காரர்கள் சில வரிகளைக் கொடுத்து, “இதையெல்லாம் உங்கள் டிஎன்எஸ்ஸில் சேருங்கள்” என்றார்கள். டிஎன்எஸ் என்பது ஒரு டொமைனின் விவரங்களை யார் கேட்டாலும் சொல்கிற பொதுப் பதிவேடு. சேர்த்தேன். திரையில் ‘பெண்டிங்’. 48 மணி நேரம் வரை ஆகலாம் என்று ஒரு வரி. இரண்டு நாள் காத்திருந்தேன். பெண்டிங். உதவிக்கு எழுதினேன். இன்னும் 48 மணி நேரம் பொறுங்கள் என்று பதில். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வர நாளாகும், அது எங்களுக்குத் தெரியாததா? ஆனால் வரவில்லை என்றால் எந்த மதகில் நிற்கிறது என்று மதகைப் பார்த்துக்கொள்கிற லஸ்கர் சொல்லிவிடுவார். இங்கே சொல்ல ஆளில்லை.

அதற்குள் இன்னொரு கேடு. மாமா கடைக்காரர்களுக்குக் கையால் அனுப்புகிற மின்னஞ்சலும் ஸ்பேமுக்குப் போக ஆரம்பித்தது. காரணம் இதுதான்: ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். எங்களுக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது. இவர்கள் சொன்னார்களே என்று இரண்டாவதைச் சேர்த்ததும் இரண்டுமே செல்லாமல் போய்விட்டன. பழைய வரிக்குள்ளேயே இவர்களும் அனுப்பலாம் என்று சொல்கிற ‘இன்க்ளூட்’டையும் சேர்த்து ஒரே வரியாக எழுத வேண்டும். அதை ஒரு வாக்கியத்தில் முதலிலேயே சொல்லியிருக்கலாமே! எங்கள் டிஎன்எஸ்ஸை ஒரு தடவை பார்த்திருந்தாலே பழைய வரி இருப்பது தெரிந்திருக்கும்.

ஐந்தாம் நாள் ராத்திரி ஒரு மணிக்கு டிஎன்எஸ்ஸில் என்ன இருக்கிறது என்று காட்டுகிற ‘டிக்’ கட்டளையில் ஒவ்வொரு பெயராகக் கேட்டுப் பார்த்தேன். டிகிம் வரியின் பெயரில் எங்கள் டொமைன் இரண்டு தடவை ஒட்டிக்கொண்டிருந்தது. சேவைக்காரர்கள் முழுப் பெயரையும் கொடுத்திருந்தார்கள். டொமைன் விற்றவர்களின் பக்கத்தில் பெயர்க் கட்டத்தில் எதைப் போட்டாலும் பின்னால் டொமைனை அதுவாகவே சேர்த்துவிடும். அதைத் திரையிலும் காட்டாது. நகலெடுத்து ஒட்டியவன் என்ன செய்வான்? ‘கடைபெயர் டாட் இன் டாட் கடைபெயர் டாட் இன்’ என்று உலகத்தில் இல்லாத ஒரு முகவரியில், டிகிம் கையெழுத்தைச் சரிபார்க்கிற எங்கள் சாவி ஐந்து நாளாக உட்கார்ந்திருந்தது. இன்னும் ஒரு வருஷம் காத்திருந்தாலும் அது பெண்டிங்தான்! பின்பாதியை அழித்தேன். இருபது நிமிஷத்தில் பச்சை விழுந்தது.

காலையில் மாமாவிடம் சொன்னபோது, “ஏன் மாப்ள, மரை சேரலைன்னா எந்த மரைன்னு கையில வச்ச உடனே தெரியுமே, அவங்களுக்குத் தெரியாதா?” என்றார். தெரியும் மாமா. அவர்களுடைய இயந்திரம் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறது, ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற பதில் உடனே வந்திருக்கிறது. அந்தப் பதிலை என்னிடம் காட்டாமல் ‘பெண்டிங்’ என்று எழுதி வைத்தார்கள்.

இரண்டு பேருக்கும் எழுதிவிட்டேன். எந்தப் பெயரைத் தேடினீர்கள், என்ன பதில் வந்தது, இரண்டையும் திரையில் போடுங்கள் என்று சேவைக்காரர்களுக்கு. சேமிப்பதற்கு முன்னால் முழுப் பெயரையும் காட்டுங்கள் என்று டொமைன் விற்றவர்களுக்கு. கோயம்புத்தூர் அம்மாவுக்கு இன்று சாயங்காலம் நானே போன் செய்யப் போகிறேன். அவர் கேட்ட விளக்கு இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது.