குப்பையை எடைபோட்டுவிட்டுப் பசுமை என்று சொல்லுங்கள்

அந்தக் கருத்தரங்கக் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கும் ஆளுக்கொரு முறை அனுப்பிவிட்டீர்கள், நன்றி. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதாம், இனி உயிரி அச்சாக்கம் பசுமைத் தொழில்நுட்பமாம். ஒரே கைதட்டல். "கழிவு எவ்வளவு குறைந்தது?" என்று ஒருவர் கேட்டதற்கு, மேடையில் பேசியவர் "அதெல்லாம் நடைமுறை விவரம்" என்று சிரித்தபடி கடந்துவிட்டார். அந்த நடைமுறை விவரத்தைத்தான் நான் பையில் கட்டி, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

உயிரி அச்சாக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உயிருள்ள செல்களை ஆல்ஜினேட், ஜெலட்டின் போன்ற ஜெல்லில் கலந்து, அந்தக் கலவையையே மையாக வைத்து, ஊசிமுனை வழியாகத் திசு போல அடுக்கடுக்காக அச்சிடுகிறோம். அழுத்தம் கூடினால் செல்கள் சாகும். குறைந்தால் மை வராது. வெப்பநிலை சற்று மாறினாலும் ஜெலட்டின் மை இளகும் அல்லது அடைத்துக்கொள்ளும். சரியான அளவு பிடிபடும்வரை அச்சிட்டதெல்லாம் குப்பைதான். அதோடு சிரிஞ்சு, பைப்பெட் முனை, வளர்ப்புத் தட்டு, நாள்கணக்கில் வளர்த்த செல்கள், அவற்றுக்கு ஊட்டமாக ஊற்றிய சீரம் எல்லாம் போகும். அந்தச் சீரம் பெரும்பாலும் கன்றுக் கருவின் ரத்தத்திலிருந்து எடுப்பது. அச்சிட்ட திசு விலங்குச் சோதனைக்கு மாற்று என்று மேடையில் பேசும்போது இதை யாரும் சொல்வதில்லை. 2014ஆம் ஆண்டில் மட்டும் உலகின் உயிரியல், மருத்துவ, வேளாண் ஆய்வகங்கள் சுமார் 55 லட்சம் டன் பிளாஸ்டிக் கழிவை உண்டாக்கியிருக்கும் என்று 'நேச்சர்' இதழில் ஒரு மதிப்பீடு வந்தது. நடைமுறை விவரம்!

நான் செயற்கை நுண்ணறிவுக்கு எதிரி இல்லை. பின்னூட்டத்தில் அப்படி எழுதப்போகிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும். முந்தைய முடிவுகளைப் பார்த்து, அடுத்து எந்த அழுத்தம், எந்த வேகம் என்று கணினி பரிந்துரைத்தால் வீண் முயற்சிகள் குறையும். ஒவ்வோர் அடுக்கையும் கேமராவில் பார்த்து, பிழையை உடனே காட்டும் அமைப்பை எம்ஐடி ஆய்வாளர்கள் 500 டாலருக்கும் குறைவான செலவில் செய்து காட்டியிருக்கிறார்கள். இரண்டாம் அடுக்கிலேயே கோணியது தெரிந்தால் மிச்ச மையாவது பிழைக்கும். இதைத்தான் கேட்கிறேன்: எவ்வளவு பிழைத்தது? கணினி மாதிரியின் துல்லியத்தைக் காட்ட வரைபடம் இருக்கிறது. குப்பைத் தொட்டியின் எடைக்கு ஏன் இல்லை?

"அந்த நுண்ணறிவுக்கே மின்சாரம் கொட்ட வேண்டுமே" என்பார்கள் சிலர். இந்த வேலைக்கான மாதிரிகள் பல சாதாரணக் கணினியிலேயே ஓடும், விடுங்கள். மின்சாரக் கவலை இருந்தால் ஆய்வக உறைபெட்டியை −80 டிகிரியிலிருந்து −70க்கு மாற்றுங்கள், அதன் மின்செலவு சுமார் 30 சதவீதம் வரை குறையும். அதற்கு எந்த நுண்ணறிவும் வேண்டாம், செயற்கையானாலும் இயற்கையானாலும்.

"உயிர் காக்கும் ஆராய்ச்சியில் குப்பைக் கணக்கா?" என்று நண்பர் ஒருவர் நேற்றே கேட்டுவிட்டார். உயிர் காக்கட்டும், யார் தடுத்தது? உயிர் காக்கிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். பசுமை என்றார்கள். சொன்னவர்தான் எடைபோட்டுக் காட்ட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் வெற்றி மட்டுமே அச்சேறுகிறது. வெற்றியை மட்டும் பார்த்துப் படித்த கணினிக்கு எது கெடும் என்று எப்படித் தெரியும்? கெட்டுப்போன அச்சுகளின் கணக்கு எங்களைப் போன்றவர்களின் குறிப்பேட்டில்தான் இருக்கிறது. எந்த மையில் எந்த அழுத்தத்தில் ஊசிமுனையிலிருந்து வரும் மை நூல் அறுந்தது, எந்தத் தொகுதியில் செல்கள் மறுநாளே செத்துக் கிடந்தன என்பதையெல்லாம் எழுதி வைத்தபோது, "தோற்றதை ஏன் எழுதி நேரத்தை வீணாக்குகிறாய்" என்று கேட்டவர்கள் உண்டு. இப்போது அதற்குத் தரவு என்று பெயர். தரவுக்கு மதிப்பு வந்துவிட்டது. எழுதியவர் பெயர் நன்றியுரையில்கூட வருவதில்லை. கட்டுரையில் என்னையும் சேருங்கள் என்று நான் கெஞ்சவில்லை. ஆனால் மேடையேறி, "கணினி தானாகவே கற்றுக்கொண்டது" என்று சொல்லாதீர்கள். வயிறு எரிகிறது.

என் குறிப்பேட்டை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லி இன்று காலை செய்தி வந்திருக்கிறது, 'அவசரம்' என்ற குறிப்போடு. தருகிறேன். என் பெயர் எழுதிய முதல் பக்கத்தோடு சேர்த்துத்தான் தருவேன். அதை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.