அத்தானுக்குக் கிடைத்த இலவச அறை

என் அத்தானுக்கு லாஸ் வேகஸில் ஒரு சூதாட்ட விடுதியில் அறை இலவசம். வருடத்துக்கு மூன்று நான்கு முறை மின்னஞ்சல் வந்துவிடும்: வார நாட்களில் இரண்டு இரவு, வாடகை கிடையாது. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பாலைவனத்தைக் கடந்து நாலரை மணி நேரம் காரோட்டிப் போய்த் தங்கிவிட்டு வருவார். "உன்னைப் போல நான் அறைக்குக் காசு கொடுப்பதில்லை, தம்பி" என்பார். சென்ற முறை அவரோடும் அக்காவோடும் நானும் போனேன்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டை விலை கொடுத்து வாங்கியதே அத்தான்தான் என்பதால் நான் பார்த்தேன்.

சூதாட்ட மேசைக்குப் பின்னால் கோட் அணிந்து நிற்கும் மேற்பார்வையாளர், நம் கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரைப் போன்றவர். ஆட வந்தவரின் உறுப்பினர் அட்டையை வாங்கி, சராசரியாக எவ்வளவு வைக்கிறார், எப்போது உட்கார்ந்தார், எப்போது எழுந்தார் என்று பதிந்துகொள்கிறார். பந்தயத் தொகை, மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி நேரம், விடுதிக்குச் சாதகமான விகிதம் ஆகிய நான்கையும் பெருக்கினால் நீங்கள் இழக்கக்கூடிய தொகை வந்துவிடும். அதில் நூற்றுக்கு 20, 30 என்று ஒரு பங்குதான் சாப்பாடாகவும் அறையாகவும் திரும்பி வருகிறது. காசு போட்டு ஆடும் ஸ்லாட் எந்திரத்தில் இந்த மொய்யை எந்திரமே எழுதிக்கொள்கிறது. அட்டையைச் செருகி, அதன் சுருள் கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தபோது, கட்டுத்தறியில் கட்டிய மாடு எது என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

அத்தானுக்குக் கடைசிவரை விளங்காத விஷயம் ஒன்று உண்டு. உண்மையில் எவ்வளவு தோற்றீர்கள் என்பதைவிட, எவ்வளவு வைத்து எவ்வளவு நேரம் ஆடினீர்கள் என்பதுதான் அங்கே முக்கியம். அன்று, சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் கட்டும் ரூலெட்டில், சுற்றுக்கு 50 டாலரை எண்களின் மேல் பரப்பிப் பரப்பி வைத்தார். நாற்பதே நிமிடத்தில் 800 டாலர் போய்விட்டது. நேராக உபசரிப்பு அதிகாரியிடம் சென்று, மூன்று பேருக்கும் பஃபே சாப்பாடு வேண்டும் என்று உரிமையோடு கேட்டார். அந்தப் பெண் திரையைப் பார்த்தார், சிரித்தார், "இன்னும் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு வாருங்கள், பார்க்கலாம்" என்றார். காபிக் கடைக்கு ஒரு கூப்பன் மட்டும் கொடுத்தார்.

அத்தானுக்குக் கோபம். நான் கைபேசியில் கணக்குப் போட்டேன். சக்கரத்தில் 0, 00 என்று இரண்டு பூஜ்ஜியம் உள்ள ரூலெட்டில் விடுதியின் பங்கு 5.26 சதவீதம். நாற்பது நிமிடத்தில் சுமார் 26 சுற்று, சுற்றுக்கு 50 டாலர் என்றால் மொத்தம் 1,300 டாலர். ஏட்டின்படி அத்தானின் இழப்பு 68 டாலர்தான். அதில் முப்பது சதவீதம் 20 டாலர். கூப்பன் சரியாகத்தான் இருந்தது!

விடுதிகளையே பேரத்தில் மடக்கியவரும் இருக்கிறார். டான் ஜான்சன் என்ற பிளாக்ஜாக் சீட்டாட்டக்காரர் 2011இல் அட்லாண்டிக் சிட்டியின் டிராபிகானா சூதாட்ட விடுதியில் ஒரே இரவில் 60 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் குறைவாக வென்றார். அறைக்கும் விருந்துக்கும் மயங்குகிற ஆளில்லை. தோற்றால் தோற்ற பணத்தில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார், ஆட்ட விதிகளையும் தனக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார். ஆனால் ஒரு ஆட்டத்துக்கு லட்சம் டாலர் வைக்கிறவரிடம்தான் விடுதி பேரம் பேசும். அத்தானிடம் பேசாது.

எனக்குச் சூதாட்டத்தின் மேல் பெரிய வெறுப்பு இல்லை. சினிமாவுக்குச் செலவழிப்பதைப் போல ஒரு தொகையை ஒதுக்கி ஆடிவிட்டு வரட்டும். அறை பறிபோய்விடுமே என்று கூடுதலாக இரண்டு மணி நேரம் உட்காருவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அன்றிரவு அத்தான் அதைத்தான் செய்தார்.

மறுநாள் காலை அறையைக் காலி செய்யும்போது கவுன்டரில் ஒரு ரசீது நீட்டினார்கள். அறை வாடகை பூஜ்ஜியம். அதற்குக் கீழே, விடுதி வசதிகளுக்கென்று தனியாக வாங்கும் ரிசார்ட் கட்டணம் இரண்டு நாளுக்கு, அதன் மேல் வரி, நூறு டாலருக்கும் மேல். அத்தான் பர்ஸைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். அக்கா ஒன்றும் பேசாமல் தன் கைப்பையிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்தாள்.