கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் ஒரு பத்து நிமிடம்

கம்ப்யூட்டரில் கேம் திணறுகிறது என்று வாயைத் திறந்தாலே "கிராஃபிக்ஸ் கார்டை மாத்திடு தம்பி" என்கிறார்கள். கடையிலும் அதே பதில், நண்பர்கள் வட்டத்திலும் அதே பதில். படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்த்துப் பணம் சேர்க்கிற பிள்ளைகளிடம் இப்படிப் போகிற போக்கில் சொல்வது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. அந்தப் பெட்டிக்குள் எது பின்தங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டாமா?

கார்டும் பிராசசரும் எவ்வளவு உழைக்கின்றன என்று காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருள் இலவசம்தான். கேமை மானிட்டர் வேகத்துக்குக் கட்டிப்போடும் வீ-சிங்க், எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) வரம்பு இரண்டையும் அணைத்துவிட்டு, வழக்கமாக ஆடும் கேமைப் பத்து நிமிடம் ஆடுங்கள். கார்டின் பயன்பாடு 97, 98 சதவீதத்திலேயே நின்றால் அது முழு மூச்சாக உழைக்கிறது. வேகம் போதவில்லை என்றால் தாராளமாக மாற்றலாம். 60, 70இலேயே தடுமாறினால் கார்டுக்கு வேலையே போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் பிராசசரோ ராம் எனும் மெமரியோதான் பின்னுக்கு இழுக்கும். பிராசசர் மொத்தப் பயன்பாடு 40 சதவீதம்தானே என்று ஏமாந்துவிடாதீர்கள், அதற்குள் இருக்கும் பல கோர்களில் ஒரே ஒன்று மூச்சுமுட்டினாலும் கேம் நிற்கும். சந்தேகம் இருந்தால் ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்கு இறக்குங்கள், கார்டின் சுமை குறையும். அப்போதும் எஃப்பிஎஸ் ஏறவில்லையா, கார்டின் மேல் பழி போடாதீர்கள்.

ஆடுகிற கேமும் முக்கியம். சைபர்பங்க் 2077 கார்டைப் பிழிந்தெடுக்கும். வேலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 எல்லாம் பெரும்பாலும் பிராசசரை நம்பி ஓடுபவை.

என் சித்தி மகனிடம் இருப்பது ரைசன் 5 3600 பிராசசர், கூடவே ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு. வேலரண்டில் சண்டை சூடுபிடிக்கும் நேரம் பார்த்துத் திக்கித் திக்கி நிற்கும். புது கார்டு, ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கக் கிளம்பிவிட்டான். "இருடா" என்று டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கத்தைத் திறந்தேன். வேகம் 2133, நான்கு ஸ்லாட்டில் ஒன்றில்தான் ராம். 3200க்குக் காசு கொடுத்து வாங்கிய ராம் அது! பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்), ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியைப் போடாமலேயே மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதை இயக்கி, அதே மாதிரி இன்னொரு 8 ஜிபி ஸ்டிக்கைச் சரியான ஸ்லாட்டில் போட்டு, இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் டூயல் சேனல் ஆக்கியதும் அந்தத் திக்கல் போயே போய்விட்டது. ரைசனுக்கு ராம் வேகம் அவ்வளவு முக்கியம். கார்டு வாங்க வைத்திருந்த பணம் இன்னும் அவன் கணக்கில்தான் இருக்கிறது.

பிராசசர்தான் இழுக்கிறது என்று தெரிந்தாலும் உடனே மதர்போர்டு, ராம் என்று எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டாம். ரைசன் பொருந்தும் ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2018இல் வந்த பி450 போர்டுகள் பலவற்றிலும் பயாஸை அப்டேட் செய்தால் ரைசன் 5 5600 உட்காரும். 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி) உள்ள 5700எக்ஸ்3டி கிடைத்தால் இன்னும் விசேஷம். அடுத்த சாக்கெட்டான ஏஎம்5க்குத் தாவினால்தான் போர்டும் டிடிஆர்5 ராமும் சேர்த்து வாங்க வேண்டும். இன்டெல் 9ஆம் தலைமுறைக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. அடுத்த தலைமுறைக்குப் போனாலே போர்டு மாறியாக வேண்டும்.

60 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது நொடிக்கு 60 படம் மட்டுமே காட்டும் மானிட்டர், வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் கேம் ஏற்கெனவே நூறு எஃப்பிஎஸ் தாண்டி ஓடினால், அடுத்து வாங்க வேண்டியது 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்தான். வாங்கி மாட்டியதும் விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ஸில் 144ஐத் தேர்ந்தெடுங்கள். அதைச் செய்யாமல் மாதக்கணக்கில் 60இலேயே ஆடிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள்.