ஆம்பளப் பையனுக்கு ஒரு சிலுவார் போதுமாம்!

ஞாயிறு காலை 11 மணிக்குக் கோலாலம்பூரில் ஏதாவது ஒரு கொண்டோவின் நீச்சல் குளத்தை எட்டிப் பாருங்கள். அக்காள் கழுத்திலிருந்து முழங்கால் வரை மூடிய உடையில் இருப்பாள். தம்பிக்கு இடுப்பில் ஒரு சிலுவார், அதோடு சரி. தோள், முதுகு, பிடரி எல்லாம் வெட்டவெளி. கேட்டால், "ஆம்பளப் பையன்தானே, அவனுக்கு எதுக்குச் சட்டை?" வெயில் என்ன, ஆணா பெண்ணா என்று விசாரித்துவிட்டா சுடுகிறது?

அதே வீட்டில் பாட்டி, "நம்ம தோலுக்கு வெயிலெல்லாம் ஒன்னும் செய்யாது" என்பார். அம்மா, "கறுத்துப் போயிடுவான், வெளிய விடாதீங்க" என்பார். இரண்டுமே தப்பு. கறுப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை. வெயில் பட்டதும் தோல் அவசரமாக விரித்துக்கொள்ளும் குடை அது. அந்தக் குடை ஓட்டைக் குடை என்பதுதான் கவலை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஓரளவுக்குத்தான் தடுக்கும். நம் பிள்ளைகளுக்கும் தோள் எரியும், நாலு நாளில் உரியும். நம் நிறத்தில் சிவப்பு பளிச்சென்று தெரியாது, அவ்வளவுதான். ராத்திரி சட்டை மாட்டும்போது பையன் அலறினால்தான் பெரியவர்களுக்கு உறைக்கும்.

அடுத்த புத்திசாலித்தனம், "12 மணி தாண்டட்டும், வெயில் இறங்கிடும்." எங்கே இறங்கும்? 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அதற்கு முன்பே நம் கடிகாரம் சூரியனை முந்திக்கொண்டுதான் ஓடியது. இப்போது கோலாலம்பூரில் உச்சி வேளை என்பது மதியம் ஏறக்குறைய 1.15, பினாங்கில் இன்னும் ஐந்தாறு நிமிடம் தள்ளி. சாப்பாட்டை முடித்துவிட்டு 1 மணிக்குக் குளத்தில் இறக்குகிறவர்கள், பிள்ளையைச் சூரியனுக்கு நேர் கீழே நிறுத்துகிறார்கள். வெயிலின் கடுமையைச் சொல்லும் புற ஊதாக் குறியீடு, 'மிகத் தீவிரம்' எனப்படும் 11-ஐத் தொடுவது இந்த ஊரில் அதிசயமே இல்லை. காலை 10-க்கு முன்பு, இல்லையென்றால் மாலை 4.30-க்குப் பிறகு போங்கள்.

"மேகமாத்தானே இருக்கு" என்றால், மெல்லிய மேகம் புற ஊதாக்கதிரில் 90 விழுக்காட்டுக்கு மேல் கீழே விட்டுவிடும். "தண்ணிக்குள்ளதானே இருக்கான்" என்றால், அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் இருப்பதில் 40 விழுக்காடு பாக்கி இருக்கும். அந்த வயசுப் பையன்கள் அரை மீட்டருக்குக் கீழேயா கிடக்கிறார்கள்? தலையும் தோளும் எப்போதும் மேலேதானே!

சரி, சட்டை போடச் சொன்னால் என்ன செய்கிறார்கள்? பழைய வெள்ளை டி-சட்டை ஒன்றை எடுத்து மாட்டிவிடுகிறார்கள். மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டையின் யூபிஎஃப், அதாவது துணி புற ஊதாக்கதிரை எவ்வளவு தடுக்கும் என்ற எண், காய்ந்திருக்கும்போதே 7-க்குப் பக்கம்தான். நனைந்தால் 3-க்கு இறங்கிவிடும், அதாவது மூன்றில் ஒரு பங்கு கதிர் உள்ளே. இழைகளுக்கு நடுவில் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் நிறைந்துவிடுவதால், ஒளி சிதறாமல் நேராக ஊடுருவுகிறது. நனைந்த வெள்ளைச் சட்டையில் தோல் தெரிகிறதா இல்லையா? தெரிந்தால் கதிரும் போகிறது என்றுதானே அர்த்தம். போதாததற்குத் தண்ணீரைக் குடித்துக் கனத்து, நீந்தும் பையனைப் பின்னால் இழுக்கும். பருத்திக்குத் தடை போடும் காவலாளியைத் திட்டாதீர்கள். உதிரும் பஞ்சு வடிகட்டியை அடைக்கும் என்பதால்தான் அந்த விதி.

இனி கடைக்காரர்களுக்கு வருவோம். மார்பில் சுறா மீன் படம், அதன் கீழே கொட்டை எழுத்தில் 'யூபிஎஃப் 50+'. யார் சோதித்தது, எந்தத் தரத்தின்படி? ஒன்றும் இருக்காது. யூபிஎஃப் 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 விழுக்காடு மட்டுமே உள்ளே போக வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தரமான ஏஎஸ்/என்ஸெட்எஸ் 4399 போல ஒரு தர எண் உள்பட்டியில் இருந்தால் நம்பலாம். அந்தச் சோதனைகூட புதுத் துணியை, இழுக்காமல், காய்ந்த நிலையில் வைத்துச் செய்வதுதான். தொப்பை மேல் இழுபட்டு, ஐம்பது தடவை துவைத்த துணிக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது. கடையிலேயே துணிக்குள் கையை விட்டு விளக்குக்கு நேராகப் பிடித்து இழுத்துப் பாருங்கள். விரல் வடிவம் தெளிவாகத் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். கண்ணால் புற ஊதாவை அளக்க முடியாதுதான், ஆனால் படுமோசமானதைக் கழித்துக்கட்ட இது போதும்.

அப்புறம் நம் ஆட்களின் அந்தப் பழக்கம். "வளர்ற பையன், ரெண்டு சைஸ் பெரிசா எடு, அடுத்த வருசமும் போடலாம்." பள்ளிச் சீருடைக்குச் சரி. நீச்சல் சட்டையில் தொளதொளப்பு இருந்தால் உள்ளே காற்றடைத்து பலூன் மாதிரி உப்பும், வயிற்றுக்கு மேல் ஏறிக்கொள்ளும், அக்குளில் கசங்கி உராயும். சரி, அடுத்த வருசம் வரை அந்தத் துணி இருக்குமா? வாரம் ஒரு முறை குளத்துக்குப் போகும் உடையில் நைலானும், ரப்பர் மாதிரி இழுபடும் ஸ்பான்டெக்ஸும் கலந்திருந்தால், குளோரின் ஸ்பான்டெக்ஸைத் தின்றுவிடும். பின்பக்கம் தொங்கும், துணி கண்ணாடி மாதிரி மெலியும், தையல் ஓரத்தில் வெள்ளை ரப்பர் நூல் எட்டிப் பார்க்கும். குளத்துக்கு எடுப்பதானால் பாலியஸ்டரும், பிபிடி என்று பட்டியில் போட்டிருக்கும் இழுபடும் பாலியஸ்டர் வகையும் கலந்த துணி வாங்குங்கள். கை பட்டால் கொஞ்சம் முரடு, ஆனால் தாங்கும். வருசத்துக்கு இரண்டு முறை போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு நைலான் போதும். 'எம்', 'எல்' என்பதை நம்பாதீர்கள். பட்டியில் 110, 120 என்று போட்டிருப்பது பெரும்பாலும் பிள்ளையின் உயரம், சென்டிமீட்டரில். போட்டுப் பார்க்கும்போது இரண்டு கையையும் மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டை தொப்புளைக் காட்டினால் அந்த அளவு சரியில்லை. கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று கூடாது.

இப்போது இருப்பதிலேயே எரிச்சலான சங்கதி: அந்த உள்வலை. பையன்களின் சிலுவாருக்குள் வெள்ளை வலைத்துணி ஒன்றை வைத்துத் தைக்கிறார்களே, அதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்? ஜட்டிக்குப் பதிலாக, தண்ணீர் சீக்கிரம் வடிய, என்று காரணம் சொல்வார்கள். நடப்பது என்ன? வலைக் கண் வழியே மணல் உள்ளே போகும், வெளியே வராது. நனைந்த தோல், உப்பு, மணல், முரட்டு பாலியஸ்டர் நாலும் சேர்ந்தால் அது உப்புக்காகிதம். பையன் காலை அகட்டி அகட்டி நடப்பான். நாம், "என்னடா ஹீரோ மாதிரி நடக்கிற?" என்று சிரிப்போம். தொடை இடுக்கு சிவந்து கிடப்பது குளிக்கும்போதுதான் தெரியும். அந்த வலைக் கண்ணில் மெல்லிய தோல் மாட்டிக்கொண்டு மருத்துவரிடம் ஓடிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியிருக்கின்றன. அப்படி மாட்டினால் தயவுசெய்து இழுக்காதீர்கள். சுற்றியுள்ள வலையை மட்டும் வெட்டிவிட்டு, மாட்டிய துண்டோடு கிளினிக்குக் கூட்டிப் போங்கள்.

வாங்கியாகிவிட்டது என்றால் வலையை வெட்டி எறியுங்கள். சிலுவாரை உள்பக்கம் திருப்பி, சிறு கத்தரியால் இடுப்புத் தையலிலிருந்து 3 மில்லிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். தையலையே வெட்டினால் இடுப்பு ரப்பர் பிதுங்கிக்கொண்டு வந்துவிடும். வலைக்குப் பதிலாக உள்ளே பருத்தி ஜட்டி போடாதீர்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்து இன்னும் உராயும். முழங்கால் வரை ஒட்டிப் பிடிக்கும் நீச்சல் காற்சட்டை, தட்டைத் தையல் போட்டது, அதுதான் சரி. யோசித்துப் பார்த்தால் அது ஒன்றே போதும், மேலே எதற்கு இன்னொரு சிலுவார்? தொடையும் மூடும், மணலும் தங்காது.

"அப்போ கழுத்திலிருந்து கால் வரை ஒரே உடுப்பா வாங்கிடலாமே" என்பீர்கள். வாங்குங்கள். அஞ்சு வயசுப் பையன் "அம்மா, ஒன்னுக்கு" என்று ஓடி வரும்போது, நனைந்து தோலோடு ஒட்டிய அந்த உடுப்பைத் தோளிலிருந்து உரித்து எடுத்துப் பாருங்கள். அதற்குள் காரியம் முடிந்திருக்கும். ஜிப் முதுகில் இருந்தால் அவனால் தனியாகக் கழற்றவே முடியாது. சட்டை தனி, காற்சட்டை தனி என்று எடுங்கள். சட்டையின் அடியில் காற்சட்டையோடு கோக்க ஒரு துணிக் காதும் பொத்தானும் இருந்தால் மேலே ஏறாது. ஜிப் முன்பக்கம், அதன் உச்சியில் ஒரு சின்னத் துணி மடிப்பு. அது இல்லாத ஜிப் தாடையையும் கழுத்தையும் கீறும். கழுத்தில் தொங்கும் கயிறு எதுவும் வேண்டாம், சறுக்கில் மாட்டும்.

பினாங்கு போகிறவர்களுக்கு ஒன்று கூடுதலாக: பத்து பெரிங்கி, தெலுக் பஹாங் பக்கம் கடலில் ஜெல்லி மீன் உண்டு. முழுக்கை, முழுக்கால் அங்கே வெயிலுக்கு மட்டும் இல்லை. மூடாத முகம், காது, கை, பாதத்துக்கு 20 நிமிடம் முன்பே சன்ஸ்கிரீன்; துண்டால் துடைத்ததும் மறுபடி.

இவ்வளவு பார்த்து வாங்கியதையும் எப்படிக் கொல்கிறோம் தெரியுமா? ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் சுருட்டி, கார் பின்பெட்டியில் போட்டு, மறுநாள் மாலை எடுக்கிறோம். இல்லையா, டோபி கடையின் சூட்டு இயந்திரத்தில் காயவைக்கிறோம். இரண்டும் ஸ்பான்டெக்ஸுக்குச் சமாதி. குளத்தை விட்டு ஏறியதும் நல்ல தண்ணீரில் அலசி, முறுக்காமல், நிழலில் போட்டால் போதும். துணி மிருதுவாக்கி ஊற்றாதீர்கள்.

கடைசியாக நிறம். பையன் என்றால் நீலம், சாம்பல், கறுப்பு. கடை முழுக்க அதேதான். நீலக் குளத்துக்குள் நீல உடுப்புப் பையன் மூழ்கினால் மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. கண்ணில் அறையும் ஆரஞ்சு, மின்னும் மஞ்சள், பளீர் ரோஸ், இவைதான் தண்ணீருக்குள் தெரியும். எடுத்துக் கொடுத்தால் அப்பா முகம் சுளிப்பார், "ரோஸ் கலரா? அது பொம்பளப் பிள்ளைங்க கலர்." ஏன் ஐயா, உங்கள் பையனிடம் கேட்டீர்களா? அவன் அந்தப் பக்கம் ஆரஞ்சுச் சட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.